எலும்பு மஜ்ஜை மாற்றும் நாள் வரை ஸ்கிட் (SCID) உள்ள கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது எப்படி

நிற்காத பேதி, வாயில் போகாத வெள்ளைப்படிவு, அடுத்தடுத்து நிமோனியா, எடை ஏறவே இல்லை. இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு இப்படி இருந்தால் "சளிதானே, சரியாகிவிடும்" என்று விடாதீர்கள். கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுங்கள். மொத்த வெள்ளை அணு 6,000, அதில் ஒரு வகையான லிம்போசைட் 20 சதவீதம் என்று போட்டிருந்தால் கணக்குக்கு 1,200 வரும். பெரியவர்களுக்கு அது போதும், ஆனால் கைக்குழந்தைக்கு 3,000-க்குக் கீழே போனாலே ஸ்கிட் என்ற பிறவி எதிர்ப்புசக்திக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். டாக்டரிடம் அந்த எண்ணைக் காட்டி, டி செல் (லிம்போசைட்டில் ஒரு வகை) பரிசோதனை செய்யலாமா என்று நேராகவே கேளுங்கள். சொந்தத்தில் கல்யாணம், முன்பு ஒரு குழந்தை தவறியது, எதையும் மறைக்க வேண்டாம், நோயைக் கண்டுபிடிக்க அதுதான் பெரிய துப்பு.

சந்தேகம் வந்துவிட்டதா, அன்றிலிருந்து ரோட்டா சொட்டும் போலியோ சொட்டும் கிடையாது. வீட்டில் இருக்கும் அண்ணன் அக்காவுக்கும் போலியோவுக்குச் சொட்டு வேண்டாம், ஊசிதான். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசி இடம் புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, அக்குளில் கட்டி தெரிந்தாலோ அன்றைக்கே சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுக்கலாமா என்பதை அம்மாவுக்கு சிஎம்வி (தாய்ப்பால் வழியாகவும் பரவும் ஒரு வைரஸ்) பரிசோதனை செய்து பார்த்துவிட்டு டாக்டர் சொல்வார்.

ரத்தம் ஏற்றினால், அது கதிர்வீச்சு கொடுத்த ரத்தமா என்று ஏற்றுவதற்கு முன்பே கேட்டு, பையில் ஒட்டியிருக்கும் லேபிளையும் பாருங்கள். அப்படிச் செய்யாத ரத்தத்தில் இருக்கும் லிம்போசைட்டுகள் குழந்தையின் உடம்பையே தாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

ஸ்கிட்டுக்கு முக்கியமான சிகிச்சை, இன்னொருவரின் எலும்பு மஜ்ஜையைக் குழந்தைக்கு மாற்றுவது. அந்த மஜ்ஜையை யார் கொடுப்பது? கூடப் பிறந்தவருக்கு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பொருந்தாவிட்டால் மனம் உடைய வேண்டாம், அப்பா அம்மாவுக்குப் பாதி பொருந்தும், அதை வைத்தும் இப்போது செய்கிறார்கள். சென்னையில் இருக்கும் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேட்டிலும் தேடலாம்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வட அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை மாற்று செய்த 240 ஸ்கிட் குழந்தைகளில், மூன்றரை மாதத்துக்குள் செய்தவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு தாண்டினார்கள், அதற்குப் பிறகு, தொற்று இருக்கும்போதே செய்தவர்களில் பாதிப் பேர்தான். அதனால் பார்க்க வரும் சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்புங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நீங்களும் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே குழந்தையைத் தூக்குங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டு மருந்து எதுவும் வேண்டாம், நடுராத்திரியானாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.