வீட்டிலிருந்து வேலை: மலையகத்துக்கு வலையமைப்பு போடுபவர்கள் விடும் தவறுகள்

கொழும்பில் ஒரு சின்ன அலுவலகம். கணக்கு எழுதுபவர்களும் தொலைபேசியில் பதில் சொல்பவர்களும் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, பண்டாரவளை என்று அவரவர் வீட்டில். இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு வலையமைப்பு போட்டுக் கொடுப்பது என் வேலை. பாதி நாள், முன்பு யாரோ போட்டதைக் கழற்றுவதிலேயே போகிறது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, வரைபடத்தை அலுவலகத்திலிருந்து வரையத் தொடங்குவது. முதலாளி நல்ல விலையில் ஒரு ஃபயர்வோல் பெட்டியை (வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் சோதிக்கும் காவல் கருவி) வாங்கி கொழும்பில் வைத்துவிட்டு, "இனி எல்லாரும் வீபிஎன் போட்டு இதுக்குள்ள வாங்க" என்பார். வீபிஎன் என்றால், வீட்டிலிருந்து இணையத்தின் ஊடாக அலுவலகத்துக்குப் போடும் மறைவான தனி வழி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய கதை. எந்த மலையில் கொழுந்து பறிப்பதென்றாலும் காலையில் பிரட்டுக்களத்துக்கு வந்து பேர் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதே மாதிரி, மஸ்கெலியாவில் இருக்கும் பிள்ளை சூமில் பேசினாலும் கூகுள் டிரைவைத் திறந்தாலும் அது கொழும்புப் பெட்டிக்குள் நுழைந்துதான் வெளியே போகிறது. இருபது பேரின் பதிவிறக்கம் முழுவதும் அலுவலக இணைப்பின் பதிவேற்ற வேகத்தில் தொங்குகிறது. ஃபைபரில் கூட பதிவேற்றம் பெரும்பாலும் குறைவாகத்தான் கொடுப்பார்கள்.

கணக்கு சேர்வருக்குப் போவதை மட்டும் வீபிஎன் வழியாக விட்டு, மற்றதை நேராக இணையத்துக்கு விடலாம். டீம்ஸ் குரல், வீடியோவை வீபிஎன்னுக்கு வெளியே விடும்படி மைக்ரோசொஃப்டே சொல்கிறது. ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பெட்டி பார்த்துக்கொண்ட காவலை இனி ஒவ்வொரு லெப்டொப்பும் தானே பார்க்க வேண்டும். வைரஸ் தடுப்பு, வட்டு மறையாக்கம் (வட்டிலுள்ளதை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது), தானாக வரும் அப்டேட் இவை இல்லாமல் வழியைப் பிரித்துவிட்டால், கதவைத் திறந்து வைத்த மாதிரிதான்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பொகவந்தலாவையில் ஒரு தங்கச்சிக்கு வீபிஎன் பச்சை காட்டும், சேர்வர் மட்டும் திறக்காது. இரண்டு நாள் சிக்னலைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், கருவிகளுக்குக் கொடுக்கும் இலக்க வரிசை அலுவலகத்திலும் 192.168.1, அவர் வீட்டு ரவுட்டரிலும் 192.168.1. சேர்வரின் இலக்கத்தை வீட்டில் தம்பியின் போன் வைத்திருந்தது. அலுவலகத்துக்கு யார் வீட்டிலும் இல்லாத ஓர் எண் வரிசையை முதல் நாளே வைத்திருந்தால் முடிந்திருக்கும்.

வீபிஎன் தொல்லை என்று சிலர் சேர்வரைத் தூரத்திலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டொப்பை, அதன் வாசலான 3389 போர்ட்டை, அப்படியே இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். இதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இன்றைக்கே மூடுங்கள்.

அப்புறம் ஓடிபி, அதாவது உள்நுழையும்போது எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருமுறைக் குறியீடு. ஒரு லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசை) இருந்து வேலை செய்யும் பிள்ளைக்கு, எஸ்எம்எஸ் வர வேண்டுமென்றால் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டிலுள்ள கோயிலடிக்குப் போக வேண்டும். திரும்பி வருவதற்குள் குறியீடு காலாவதியாகிவிடும். "அண்ணே, இன்னைக்கு மூணு தடவ ஏறி இறங்கிட்டேன்" என்று அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டு, முதலாளி இரக்கப்பட்டு இரண்டாம் சரிபார்ப்பையே நிறுத்திவிட்டார். இரக்கம் சரி, வழி தவறு. போனில் போடும் ஒதென்டிகேட்டர் செயலிக்கு சிக்னலே வேண்டாம். முதலில் பதிந்த இரகசிய எண்ணையும் போனின் கடிகாரத்தையும் வைத்து 30 விநாடிக்கு ஒரு குறியீட்டை அதுவே கணக்குப் போட்டுக் கொடுக்கும். கடிகாரம் சரியாக இருந்தால் போதும். இரண்டாம் சரிபார்ப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் எரிபொருள் குழாய் ஒரு கணினித் தாக்குதலால் பல நாட்கள் நின்றது சாட்சி. தாக்கியவர்கள் உள்ளே வந்தது யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வீபிஎன் கணக்கு வழியாக. கடவுச்சொல் ஒன்று மட்டுமே அதற்குப் பூட்டு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கு உங்களிடம் இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

"ஸீரோ ட்ரஸ்ட் பெட்டி" என்று விற்க வருபவர்களிடம் கொஞ்சம் நிதானம் தேவை. 2010இல் ஆய்வாளர் ஜோன் கிண்டர்வாக் முன்வைத்ததும், 2020இல் அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் ஆவணமாக்கியதும் பெட்டி அல்ல, ஒரு முறை: உள்ளே இருக்கிறார் என்பதற்காக யாரையும் நம்பாதே, ஒவ்வொரு தடவையும் ஆளையும் கருவியையும் பார்த்து, தேவையானதை மட்டும் திற. கிளவுட்டில் இதைத் தரும் சேவைகள் நல்லவைதான், சின்ன நிறுவனத்துக்குப் பெட்டியைவிட ஏற்றவையும் கூட. ஆனால் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனதை மறந்து ஒப்பந்தம் போடாதீர்கள்.

மாற்று இணைப்பு என்று வேறு கம்பனியின் சிம் ஒன்றையும் வாங்கிக் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே டவரில் தொங்கினால், கரண்ட் போய் டவர் பெட்டரி இறங்கும்போது இரண்டும் சேர்ந்தே போகும். எந்த சிம் எந்தப் பக்கத்து மலையிலிருந்து சிக்னல் எடுக்கிறது என்று அந்த வீட்டாரையே கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ், புது ஃபயர்வோலைவிட அதிக வேலை நேரத்தைக் காப்பாற்றும்.

நிறுவனம் லெப்டொப் கொடுக்காமல் வீட்டிலிருப்பதையே பாவிக்கச் சொல்வது இன்னொன்று. பகலில் வாடிக்கையாளரின் சம்பளப் பட்டியல், இரவில் அதே கணினியில் தம்பியின் கேம். தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. பட்டியல் வெளியே போனால் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம், தம்பி அல்ல.

எதை வாங்குவதானாலும் அதற்கு முன், உங்கள் ஆட்களில் யாருக்கு சிக்னல் மிக மோசமோ அவர் வீட்டுக்குப் போய், மழை பெய்யும் ஒரு மாலையில் இரண்டு மணி நேரம் அங்கிருந்து வேலை செய்து பாருங்கள். நான் போன வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடுகூட வரவில்லை. ரவுட்டரை ஜன்னல் கட்டையில் வைத்ததும் மூன்று கோடு.