“இங்கே நாமதானே அதிகம்?” – எல்லைத் தமிழர் மொழியுரிமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: “இந்த வார்டுல நம்ம ஆளுங்கதான் அதிகம், நாம எப்படிச் சிறுபான்மை?” முதல் தவறே இதுதான். அளவுகோல் வார்டோ தாலுகாவோ அல்ல, மாநிலம். சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்கள் பற்றிய டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு அப்படித்தான் தீர்ப்பளித்தது. வார்டு முழுக்கத் தமிழரே இருந்தாலும் கேரளத்தில் அவர்கள் மொழிச் சிறுபான்மையினர். ஆந்திரத்தின் நகரியிலும் அதே கணக்கு.

பஞ்சாயத்துக் கமிட்டி கைதூக்கித் தீர்மானம் போட்டால் தமிழ் டிவிஷன் (தமிழ்வழி வகுப்பு) போயே போச்சு என்று அடங்கிவிடுவது அடுத்த தவறு. தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்து தரும் பொறுப்பை அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, மாநிலத்தோடு உள்ளாட்சியின் தலையிலும் வைக்கிறது. ஆனால் அதன் வாசகம் ‘முயல வேண்டும்’ என்பதோடு நிற்பதால், உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவில் அதை மட்டுமே நம்பக் கூடாது. தன் மொழியைக் காக்கும் அடிப்படை உரிமையான 29(1)-ஐச் சேர்க்க வேண்டும். பள்ளியைத் தமிழ்ச் சமூகமே நடத்தினால், சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையான 30(1)-ஐயும்.

அதற்காகத் தலைக்கணக்கே தேவையில்லை என்று இருந்துவிட முடியாது. வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளி முழுக்க 40 பேர் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் ஒருவராவது வேண்டும் என்பது 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஏற்ற வரம்பு. இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். ஜூனில் பள்ளி திறந்த பிறகு ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியாக வாய்வார்த்தையாகக் கேட்பார்கள். கேரளத்தில் ஆறாவது வேலை நாளில் எடுக்கும் தலைக்கணக்கை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகிறது. பேசியதெல்லாம் அந்தக் கணக்கில் ஏறாது. மூன்று மாதம் முன்னதாக, மார்ச்சிலேயே, எல்லாப் பெற்றோரும் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரே பள்ளியில் இந்த எண்ணிக்கை தேறாவிட்டால் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்கும்படி அதிலேயே கேளுங்கள்.

“மலையாளத்தில் எழுதிக் கொண்டு வா” என்றதும் மனுவைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம். குறை தீர்க்கும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது 350-ஆம் பிரிவு. அந்த எண்ணை மனுவின் தலையிலேயே எழுதுவது நல்லது. பதிலும் தமிழில் வேண்டுமா? அது கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி கேட்க வேண்டியது; உள்ளூர் அலுவலகம் என்றால் மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடத்தில் இருக்க வேண்டும்.

மொழிச் சிறுபான்மையினர் ஆணையரை நீதிபதி போல நினைப்பவர்களும் உண்டு. 350பி-யின்படி அவர் விசாரித்துக் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தருவார். உத்தரவு போட மாட்டார்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும்: மலையாளம் கற்பிப்பதையே உரிமை மீறல் என்று வாதாடாதீர்கள். மகாராஷ்டிரத்தில் மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கியதை 2004-இல் உஷா மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சரி என்றது. தமிழ் டிவிஷன் கேட்கும் மனுவில் ‘மலையாளம் வேண்டாம்’ என்ற வரியை நுழைத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார்.