ஃப்ரீ நோட்ஸ் ஆப் எடுக்கும்போது பண்ணக்கூடாத சில காரியங்கள்

ஃப்ரீயா நோட்ஸ் ஆப் தேடுறவங்க முதல்ல பாக்குறது கலரு, டெம்ப்ளேட், டார்க் மோடு இதெல்லாம்தான், உள்ள போட்டத நாளைக்கு வெளிய எப்படி எடுக்கதுன்னு யாரும் பாக்குறதில்ல. எவர்நோட்ட நம்பி வருஷக்கணக்கா எழுதினவங்க எவ்வளவோ பேரு, 2023 டிசம்பர்ல ஃப்ரீ கணக்குக்கு 50 நோட்டு, ஒரே ஒரு நோட்புக்குன்னு சுருக்கிட்டாங்க. பழசு அழியல, ஆனா புதுசா எழுதணும்னா காசு கட்டணும், இல்லன்னா கெளம்பணும்.

அதனால எதுவா இருந்தாலும் சும்மா கொஞ்சம் நோட்டு போட்டு எக்ஸ்போர்ட் அடிச்சுப் பாருங்க மக்களே. வொர்க்ஃப்ளோயி, டைனலிஸ்ட், லாக்சீக் மாதிரி அவுட்லைனர்னா (குறிப்ப ஒண்ணுக்குள்ள ஒண்ணா வரிசையா எழுதுற ஆப்) ஓபிஎம்எல்ங்கிற வகை ஃபைலா எடுங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணா போட்ட வரிசை அதுல கலையாம வரும், பிடிஎஃப்பா எடுத்தா அச்சடிக்கத்தான் ஆகும். அப்சிடியன்ங்கிற ஆப்ல இந்தத் தலைவலியே கெடையாது, எல்லாம் ஒரு ஃபோல்டர்ல சாதா டெக்ஸ்ட் ஃபைலா கெடக்கும். அது ஓபன் சோர்ஸ் இல்ல, அதாவது அதோட கோட யாரும் எடுத்துப் பாக்க முடியாதுன்னு சிலருக்கு கொறை, எனக்கு இல்ல.

நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956 வர திருவிதாங்கூர் பக்கம்தான, அதனால பல வீட்டுல பழைய ஆதாரம் (நிலப் பத்திரம்) மலையாளத்துல இருக்கும். அத போட்டோ எடுத்து கூகுள் கீப்ல போட்டுட்டு வேலை முடிஞ்சுதுன்னு இருந்தா, தேவைப்படும்போது தேடி எடுக்க முடியாது, அந்தக் கையெழுத்த ஆப் படிச்சு கண்டுபிடிக்கும்னு நம்பக்கூடாது. படத்துக்குக் கீழ சர்வே நம்பரு, எத்தன சென்ட்டு, யாருகிட்ட இருந்து யாருக்குன்னு டைப் பண்ணி வைங்க. தமிழ்ல தேடியும் பாருங்க, ‘பட்டா’ன்னு அடிச்சா ‘பட்டாவுல’ன்னு எழுதினதும் வரணும், வரலன்னா அந்த ஆப் நமக்கு ஆகாது.

ஏடிஎம் பின், பாஸ்வேர்டு இதெல்லாம் நோட்ஸ்ல போடவே போடாதீங்க, அதுக்குன்னே பாஸ்வேர்டு வைக்கிற ஆப் பிட்வார்டன் ஃப்ரீயாவே இருக்கு. ஜாப்ளின்ங்கிற நோட்ஸ் ஆப்ல என்கிரிப்ஷன் (நோட்ட பூட்டி வைக்கிற வசதி) உண்டு, ஆனா அத நாமதான் ஆன் பண்ணணும், மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்துட்டா பூட்டுன நோட்ட யாராலயும் தெறக்க முடியாது.

பேச்சிப்பாறை, கோதையாறு மாதிரி சிக்னல் சரியா கெடைக்காத பக்கம் போறவங்க ஏரோப்ளேன் மோடு போட்டுட்டு நோட்டு தெறக்குதான்னு வீட்டுலயே பாத்துருங்க.

இன்னொண்ணு, சிங்க் வேற பேக்கப் வேற. போன்ல தெரியாம அழிச்சா லேப்டாப்லயும் அழிஞ்சிரும், அதனால மாசம் ஒருக்கா எக்ஸ்போர்ட் எடுத்து பென்டிரைவ்ல போட்டு வைங்க.