ஊருக்குப் போகிற ஸ்ட்ரோலர்: எடையைக் கேட்கும் முன் மடக்கிப் பாருங்கள்

கைக்குழந்தையுடன் ஊருக்குப் புறப்படும் சிங்கப்பூர்ப் பெற்றோர் ஸ்ட்ரோலர் வாங்கப் போனால் முதலில் கேட்பது எடையைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: பிள்ளை இடுப்பில் இருக்க, மிச்சமிருக்கும் ஒரே கையால் இந்த வண்டியை மடக்க முடியுமா? கணவருக்கு விடுப்புக் கிடைக்காமல், தாய் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்கூட்டியே ஊருக்குப் போவது நம் குடும்பங்களில் வழக்கம். அப்படிப் போகிற தாயை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவருக்குச் சரிப்படுகிற வண்டி மற்ற எல்லோருக்கும் சரிப்படும்.

சாங்கி விமான நிலையத்தில் எந்த வண்டியும் ஓடும். தரை சமதளம், லிப்டுக்குக் குறைவில்லை. சிரமம் தொடங்குவது வண்டியை மடக்க வேண்டிய இடங்களில். பாதுகாப்புச் சோதனையில் பிள்ளையை வெளியே எடுத்து, வண்டியை மடக்கி, எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் இந்தச் சோதனை விமானம் ஏறும் வாயிலிலேயே நடக்கிறது. பின்னால் வரிசை நெருக்கும். அடுத்து விமானத்தின் கதவருகே. பிறகு சென்னையிலோ திருச்சியிலோ இறங்கியதும், விமானம் தள்ளி நிறுத்தப்பட்டிருந்தால் படிக்கட்டில் இறங்கிப் பஸ்ஸில் ஏற வேண்டும். கடைசியாக, வெளியே காத்திருக்கும் காரின் டிக்கி. இத்தனை இடத்திலும் ஒரு கை பிள்ளையைப் பிடித்திருக்கும்.

இதில் சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2017 ஏப்ரலிலிருந்து இங்கே பொதுப் பேருந்துகளில் ஸ்ட்ரோலரை மடக்காமலேயே ஏற்றிக்கொள்ளலாம். எம்ஆர்டி ரயிலிலும் அப்படித்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் லிப்டுக்குள் தள்ளிச் சென்றால் வீட்டு வாசலில் இறங்கலாம். நல்ல வசதி; மறுப்பதற்கில்லை. ஆனால் வாங்கி மாதக்கணக்காகியும் வண்டியை மடக்கிப் பழகாதவர்கள் இதனாலேயே இருக்கிறார்கள். விமான நிலையம் பழகும் இடமல்ல. பயணத்துக்கு முந்தைய வாரம் வீட்டுக் கூடத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிப் பாருங்கள். கை தானாகப் பொத்தானைத் தேடிப் போகும்வரை பழகுவது நல்லது.

கடையில் பார்க்கும்போது மடக்கும் பூட்டைக் கூர்ந்து கவனியுங்கள். கைப்பிடியின் நடுவில் கட்டைவிரலால் ஒரு சிறு பொத்தானைப் பக்கவாட்டில் தள்ளி, தள்ளியபடியே அடியில் உள்ள மற்றொன்றை விரல்களால் அழுத்த வேண்டிய வகை ஒன்று. இது ஒரு கை வேலை. வண்டி முட்டிபோட்டதுபோல் தானாகக் கீழே அமரும். இன்னொரு வகையில் கைப்பிடியை ஒரு கை பிடித்திருக்க, மறு கை இருக்கைக்கு அடியிலுள்ள வாரை மேலே இழுக்க வேண்டும். அது இரு கை வேலை. மூன்றாவது வகையில் பின்சக்கரத்துக்கு மேலுள்ள கம்பியைக் காலால் மிதிக்க வேண்டும். சேலையும் செருப்புமாக நிற்கும் தாய்க்கு அது தொல்லை. விற்பனையாளர் கை வீசி மடக்கிக் காட்டுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவர் கையில் பிள்ளை இல்லை. உங்கள் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள், நீங்களே செய்து பாருங்கள். மடக்கிய வண்டி சாயாமல் தானாக நிற்கிறதா என்றும் பாருங்கள். நிற்காத வண்டியைக் கழிப்பறைக்குக் கொண்டுபோனால் ஈரத் தரையில்தான் கிடத்த வேண்டியிருக்கும். தோளில் மாட்ட வார் இருந்தால் படியேறும்போது கை மிச்சமாகும்.

விமானத்துக்குள்ளேயே கொண்டுபோகலாமா என்பது பலரும் கேட்பது. ‘கேபினுக்கு ஏற்றது’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதை முடிவு செய்வது விமான நிறுவனம்; அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைப்பெட்டியின் நீள, அகல, உயரத்தைக் கூட்டி 115 சென்டிமீட்டருக்குள் இருக்கச் சொல்கிறது. இண்டிகோவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரம்பு: 55, 35, 25 சென்டிமீட்டர். ஸ்கூட்டில் 54, 38, 23. இப்போது பேபிசென் யோயோ என்ற ஸ்ட்ரோலரை எடுத்துக்கொள்வோம். மடக்கினால் 52, 44, 18. கூட்டினால் 114, முதல் கணக்கில் தேறிவிடுகிறது. ஆனால் அந்த 44 மற்ற இரண்டு நிறுவனங்களின் வரம்பையும் தாண்டுகிறது. ஊழியர் பெரிய மனது பண்ணி விடலாம். அது அவர் விருப்பம், நமக்கு உரிமையில்லை. எடையும் இருக்கிறது. கைப்பெட்டிக்கு 7 கிலோ என்று வரம்பு வைத்திருக்கும் விமானத்தில் 6 கிலோ ஸ்ட்ரோலரை அந்தக் கணக்கில் சேர்த்தால், பால்புட்டியும் டயப்பரும் எங்கே போகும்?

எல்லா வரம்புக்கும் அடங்குகிற வண்டிகளும் உண்டு. 2014இல் மிகச் சிறியதாக மடங்கும் ஸ்ட்ரோலர் என்று கின்னஸில் இடம்பிடித்த ஜிபி பாக்கிட், மடக்கினால் 30, 18, 35 சென்டிமீட்டர்தான். முன்னிருக்கைக்கு அடியிலேயே அடங்கிவிடும். ஆனால் முதலில் வந்த அந்தப் பாக்கிட்டில் இருக்கையின் முதுகைப் பின்னால் சாய்க்கும் சாய்மானம் கிடையாது. பிள்ளை தூங்கினால் தலை முன்னால் தொங்கும். கைப்பிடியும் இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒரு கையால் நேராகத் தள்ளுவது கடினம். நம் பக்கம் போகும் விமானங்களில் பல, நள்ளிரவிலோ விடியற்காலையிலோ தரையிறங்குபவை. நான்கு மணி நேரப் பறப்புக்குப் பின் பிள்ளை அயர்ந்து தூங்கும் நேரத்தில் சாய்மானம் இல்லாத வண்டி எதற்கு? அளவைச் சுருக்குவதற்காகச் சாய்மானத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்பதே என் எண்ணம்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை என்றால் இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான இ.என். 1888, ஏறத்தாழ 150 பாகையாவது சாயாத இருக்கை ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஏற்றதல்ல என்று எச்சரிக்கை அச்சிட வைக்கிறது. கழுத்து நிற்காத பிள்ளையின் தலை மார்பில் கவிழ்ந்தால் மூச்சுக்குழல் ஒடுங்கும். அந்த எச்சரிக்கை வாசகத்தைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். கச்சிதமாக மடங்கும் வண்டிகளில் பல, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானவை.

தனியாகப் போகும் தாய்க்கு நான் சொல்வது இதுதான்: விமான இருக்கைக்கு மேலுள்ள பெட்டி அறைக்குள் தூக்கி வைக்கும் கனவே வேண்டாம். பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு 6 கிலோவைத் தலைக்கு மேல் தூக்குவது ஆபத்து. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் ஸ்ட்ரோலரை இலவசமாக ஏற்றிக்கொள்ள விமான நிறுவனங்கள் பெரும்பாலும் இடம் தருகின்றன. பெட்டிகளை ஒப்படைக்கும்போதே ஸ்ட்ரோலருக்கும் ஓர் அடையாளச் சீட்டு வாங்கிக் கட்டி, விமானக் கதவுவரை தள்ளிச் சென்று அங்கே கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது மறக்காமல் ஒன்றைக் கேளுங்கள்: இறங்கியதும் கதவருகே தருவார்களா, பெட்டிகள் சுழன்று வரும் பட்டையில் வருமா? இந்திய விமான நிலையங்களில் பட்டையில் வருவதை எதிர்பார்த்தே போக வேண்டும். அப்படியானால் குடிநுழைவு வரிசை முழுக்கப் பிள்ளை கையில்தான். ஆகவே மார்போடு கட்டிக்கொள்ளும் துணி கேரியர் ஒன்று ஸ்ட்ரோலர் அளவுக்கே முக்கியம். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கேரியரை வாங்குங்கள்.

குடைபோல மடங்கும் எடை குறைந்த ஸ்ட்ரோலர் பிறந்ததே இந்தத் தொல்லையில்தான். பிரிட்டனைச் சேர்ந்த ஓவன் மெக்லாரன் ஒரு விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்தவர். மாஸ்கோவிலிருந்து கைக்குழந்தையோடு வந்த மகள் கனமான வண்டியை இழுத்துப் படும் பாட்டைப் பார்த்தார். விமானச் சக்கரம் மடங்கி உள்ளே போகும் நுட்பம் அவருக்குத் தெரியும். 1965இல் அலுமினியக் குழாய்களால் மூன்று கிலோவுக்கும் குறைவான வண்டியை வடிவமைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பேத்திக்காகத் தாத்தா செய்த வண்டி என்பதால் எனக்கு அதன்மீது தனிப் பிரியம். நீளமாக மடங்கும் அந்தக் குடை வகை இன்றும் விலை குறைவு, உறுதி அதிகம். கேபினுக்குள் போகாது, கதவருகே கொடுக்கப் போகிறவர்களுக்கு அதனால் என்ன?

ஊர் வந்து சேர்ந்தாயிற்று. இங்கே சக்கரத்தைப் பற்றிப் பேச வேண்டும். பயண ஸ்ட்ரோலர்களின் சக்கரம் சிறியது, கடினமானது. முனிசிபாலிட்டித் தெருவின் ஜல்லியிலும் கோயில் பிராகாரத்தின் கருங்கல் இடுக்கிலும் முன்சக்கரம் குறுக்கே திரும்பி மாட்டிக்கொள்ளும். முன்சக்கரத்தை நேராகப் பூட்டி வைக்கும் வசதியுள்ள வண்டியாகத் தேர்ந்தெடுங்கள். கரடுமுரடான இடத்தில் பூட்டிவிட்டால் திரும்பாது. வாசற்படியிலும் திண்ணைப் படியிலும் முன்சக்கரத்தை முட்டவைத்து ஏற்றாதீர்கள். வண்டியைத் திருப்பி, பின்சக்கரங்கள் முதலில் ஏறும்படி இழுங்கள். மணல் தெருவில் போய்வந்த அன்று இரவே சக்கரத்தின் அச்சைப் பாருங்கள். தலைமுடியும் தேங்காய் நாரும் சுற்றி, மணலோடு சேர்ந்து இறுகியிருக்கும். பழைய பல்துலக்கியும் சிறு கத்தரிக்கோலும் போதும்.

எதிர்பார்ப்பையும் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். நடைபாதையில் இருசக்கர வாகனங்கள் நிற்கும். ரயில் பெட்டியின் படிகள் செங்குத்தானவை. கல்யாண மண்டபத்தில் பந்தி மாடியில் நடக்கலாம். சென்னை மெட்ரோவில் லிப்ட் உண்டு, விமான நிலையத்திலேயே ஏறலாம். மற்றபடி பிள்ளை பாட்டியின் இடுப்பிலும் சித்தப்பாவின் தோளிலும்தான் ஊர் சுற்றும். அதுதானே நாம் அங்கே போவதே? வண்டி உண்மையில் பயன்படுவது வீட்டுக்குள்: ஊட்டும் இருக்கையாக, மதியத் தூக்கத்துக்கு, மருத்துவமனையில் காத்திருக்கும்போது. எங்கே உட்காரவைத்தாலும் தோள், இடுப்பு, கால்களின் நடுவே பிடிக்கும் ஐந்து முனை வாரைப் பூட்டுங்கள். கடைவீதியில் காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. பிள்ளை உள்ளே இருக்கும்வரை வண்டி நிற்கும். ஐஸ்கிரீம் வாங்கப் பிள்ளையைத் தூக்கிய கணத்தில் பின்பக்கம் பாரமாகி அப்படியே மல்லாக்கச் சாயும். எடை குறைந்த வண்டிக்கு இந்த ஆபத்து அதிகம். பையைச் சக்கரத்துக்கு மேலுள்ள கூடையில் வையுங்கள்.

வெயிலுக்குப் பயந்து வண்டியைத் துண்டால் முழுக்க மூடுவதை எங்கும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் தேங்கும்; பிள்ளையின் முகமும் நமக்குத் தெரியாது. கூரை நன்றாக முன்னால் இழுபடுகிற வண்டியாக வாங்கி, உச்சிவெயிலில் வெளியே போகாமல் இருப்பதே சரி. மாலையில் கொசுவலை கட்டாயம். டெங்கு இரண்டு ஊருக்கும் பொது.

கைப்பிடியில் மாட்டும் சிறு மின்விசிறி வைத்திருப்பவர்கள், விமானக் கதவருகே வண்டியைக் கொடுக்கும் முன் அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் இருப்பது லித்தியம் மின்கலம். அது கனமான பெட்டிகளோடு சரக்கறைக்குள் போவதைவிட உங்கள் கைப்பையில் இருப்பதே பாதுகாப்பு. பவர்பேங்கோ சரக்கறைக்குள் போகவே கூடாது. 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் பவர்பேங்கைப் பறக்கும்போது பயன்படுத்தவும் தடை இருக்கிறது. ஆகவே விசிறியை வீட்டிலேயே மின்னேற்றம் செய்துவிடுங்கள்.

வாங்கும் இடம் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் எக்ஸ்போவில் நடக்கும் குழந்தைப் பொருள் கண்காட்சிகளில் பல வண்டிகளை ஒரே கூரையின்கீழ் மடக்கிப் பார்க்கலாம். கரோசெல் என்ற இணையச் சந்தையில் பழையது வாங்கினாலும் தவறில்லை. பயண ஸ்ட்ரோலர் கொஞ்ச காலமே உழைத்திருக்கும். நேரில் போய் இரண்டு பின்சக்கரப் பிரேக்கும், வார்ப்பூட்டும், மடக்கும் பூட்டும் சரியாகப் பிடிக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். திரும்பும்போது அதை ஊரில் சின்னப் பிள்ளையுள்ள உறவினருக்கே கொடுத்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல யோசனை.

வண்டி உடைந்து வந்தால் என்ன செய்வது? ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். உறையில் போட்டுக் கொடுத்தால் துணி கிழியாமல் வரும். சிங்கப்பூரும் இந்தியாவும் 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள். அதன்படி ஒப்படைத்த பொருள் சேதமானால் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். ஏழு நாள் இருக்கிறதே என்று வீட்டுக்குப் போய்விட்டால், சேதம் எங்கே நேர்ந்தது என்ற வாக்குவாதம் வரும். பட்டையிலிருந்து எடுத்த இடத்திலேயே விரித்து, சக்கரங்கள் சுழல்கின்றனவா, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் அங்கேயே விமான நிறுவனத்தின் மேசையில் பதிவு செய்து, சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். வாசலில் காத்திருக்கும் தாத்தாவும் பாட்டியும் இன்னும் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்வார்கள்.