ஹைவேயில் ஜீப் பானெட் படபடக்கிறதா?

ஜீப் ராங்ளரின் பானெட்டை இரண்டு பக்கமும் வெளியே தெரியும் லாட்ச்கள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. கரடுமுரடான பாதையில் ஓடி ஓடி அவை லூஸாகிவிடும். அப்புறம் ஹைவேயில் வேகம் ஏறியதும் பானெட் படபடக்கும்.

முதலில் வண்டியை நிறுத்தி, லாட்ச் மாட்டிய நிலையில் அதன் பக்கத்தில் பானெட்டை அமுக்கிப் பாருங்கள். அமுங்கி எழும்பினால் இடைவெளி இருக்கிறது. லாட்ச் போல்ட்கள் பெரும்பாலும் டார்க்ஸ் தலை (ஆறுமுனை நட்சத்திர வடிவப் பள்ளம்) கொண்டவை. சரியான பிட்டால் இறுக்குங்கள். இப்போதும் ஆடினால், பானெட் உட்காரும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். நசுங்கிப் பளபளவென்று இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் அடியில் மெல்லிய ரப்பர் வாஷர் ஒன்று போதும். லாட்ச் மாட்டும்போது கைக்கு லேசாக அழுத்தம் தெரிய வேண்டும். புஷ்ஷை ரொம்ப உயர்த்தினால் லாட்ச்தான் திணறும்.

நடுவிலுள்ள பாதுகாப்புக் கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் ஹைவே ஏற வேண்டாம். லாட்ச் பக்கம் அசையாமல் நடுத்தகடு மட்டும் லேசாக அதிர்ந்தால் அது காற்றின் வேலை, லாட்ச்சை நோண்ட வேண்டியதில்லை.