ஊட்டியில் பாதி உயரம்தான், ஆனால் பனிச்சறுக்கு உண்டு: முதல் தடவை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் நார்த் கரோலினாவின் சார்லட்டில் நாலு துளி பனி விழுந்தாலே பள்ளிக்கூடத்துக்கு லீவு. அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் ஸ்கீ மலை இருக்கிறது என்றபோது நான் நம்பவில்லை. பூன், ப்ளோயிங் ராக் என்ற இரண்டு மலையூர்களுக்கு நடுவே இருக்கும் ஆப்பலாச்சியன் ஸ்கீ மவுண்டனைத்தான் சொல்கிறேன். உச்சி வெறும் 4,000 அடி. ஊட்டி 7,000 அடிக்கு மேல். பக்கத்திலேயே சுகர், பீச் என்று இதைவிடப் பெரிய மலைகள் உண்டு. ஆனாலும் குழந்தைகளோடு முதல் தடவை போகிறீர்கள் என்றால் என் ஓட்டு இந்தச் சின்ன மலைக்குத்தான். யார் எங்கே விழுந்து கிடக்கிறார்கள் என்று கீழே நின்றபடியே பார்த்துவிடலாம்.

1. நாள் பார்ப்பது

பனி கொட்டுகிற அன்றைக்குக் கிளம்பாதீர்கள். 321-ம் நெடுஞ்சாலையில் லெனோர் தாண்டி மலையேறும் இடத்தில் வழுக்கும், மூடுபனி வேறு. சரிவில் இருப்பது பெரும்பாலும் குழாயில் தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் பீய்ச்சி இரவில் உண்டாக்கும் பனி. அதற்கு வானிலிருந்து எதுவும் விழ வேண்டாம். குளிரும் வறண்ட காற்றும் இருந்தால் போதும். இரண்டு மூன்று இரவு நன்றாக உறைந்து, பகலில் வெயில் அடிக்கிறதா? அதுதான் நாள். கிறிஸ்துமஸ் வாரம், ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரியில் பிரசிடெண்ட்ஸ் டே, இந்த மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். டிக்கெட்டை ஆன்லைனிலேயே எடுத்துவிடுங்கள்.

2. உடுப்பு

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, விறைத்துக்கொள்ளும். தண்ணீர் புகாத பேண்ட்டும் கையுறையும் இருந்தே ஆக வேண்டும்; அவற்றை நண்பர்களிடம் கடன் வாங்குங்கள். கம்பளிக் கையுறை பத்தே நிமிடத்தில் ஈரத் துணியாகிவிடும். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய குரங்குக் குல்லா ஹெல்மெட்டுக்குள் போகாது.

3. பூட்ஸ்

என்னைக் கவிழ்த்தது இதுதான். குளிருமே என்று இரண்டு சாக்ஸ் போட்டு, அதன்மேல் பேண்ட்டையும் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டேன். அரை மணியில் கெண்டைக்கால் மரத்துப்போயிற்று. முழங்காலுக்குக் கீழே துணி மடிந்திருந்த இடமெல்லாம் கன்றிச் சிவந்து, இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை.

ஒரே ஒரு சாக்ஸ், மெல்லியது, முழங்கால்வரை வருவது. பூட்ஸுக்குள் வேறு எந்தத் துணியும் போகக்கூடாது. பேண்ட் வெளியேதான் தொங்க வேண்டும். காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் இரண்டு தடவை தட்டிப் பின்னால் உட்காரவையுங்கள். பிறகு முழங்காலை முன்னால் மடக்கிக்கொண்டே கொக்கியைப் போடுங்கள், கணுக்கால் பக்கம் முதலில், விரல் பக்கம் கடைசியில். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முனையில் லேசாக இடிக்கும்; முழங்காலை மடக்கினால் விலகும். அப்படியானால் அளவு சரி. பூட்ஸை வாடகைக்குக் கொடுப்பவரிடம் “இறுக்குது, பெருசு குடுங்க” என்று கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள். குதிகால் உள்ளே தூக்குகிறது என்றால் சின்னதுதான் கேட்க வேண்டும். பூட்ஸில் 25.5 என்று போட்டிருப்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில்.

இன்னொன்று. பூட்ஸை ஸ்கீயில், அதாவது சறுக்கும் நீளப் பலகையில், மாட்டும்போது ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். எனக்கு வரவே இல்லை. பத்து நிமிடம் மிதித்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பொடியன் ஒருவன் கைக்கோலால் என் பூட்ஸின் அடியைச் சுரண்டிக் காட்டினான். அடியில் பனி அப்பம்போல ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

4. பாடம்

எடுத்தே ஆக வேண்டும். மனைவிக்குக் கணவன் சொல்லித்தருகிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன். இங்கே கற்றுத்தரும் இடத்தின் பெயர் பிரெஞ்சு-சுவிஸ் ஸ்கீ காலேஜ். பெயருக்குப் பயப்படாதீர்கள், நுழைவுத்தேர்வு கிடையாது. முன்முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும்; குழந்தைகளிடம் அதை ‘பீட்சா’ என்பார்கள். என் ஆறு வயசுக்காரி மதியத்துக்குள் பழகிவிட்டாள். நான் பழகியது விழுவதற்கு: பக்கவாட்டில் சாய்ந்து உட்காருங்கள். எழும்போது ஸ்கீ இரண்டும் சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுவீர்கள்.

மேலே போக, நின்றால் நகர்த்திக்கொண்டு போகும் பட்டையே முதல் நாளுக்குப் போதும். நாற்காலி லிஃப்ட் எங்கேயும் ஓடிவிடாது.

புளியோதரையைக் காரில் வைத்திருங்கள். பசி பயங்கரமாக இருக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போய்வந்த தோழி ஒருவர், தன் கணவருக்கு மட்டும் ஸ்கீ சும்மா சும்மா கழன்றுகொண்டே இருந்தது என்று எழுதியிருந்தார். விசாரித்ததில், வாடகைப் படிவத்தில் மனிதர் எடையை இருபது பவுண்டு குறைத்து எழுதியிருக்கிறார். உயரம், எடை, வயது, எத்தனை நாள் பழக்கம் என்பதையெல்லாம் வைத்துத்தான் விழும்போது எந்த இழுப்பில் கழல வேண்டும் என்று பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பிடியைத் திருகி வைப்பார்கள். எடையைக் குறைத்து எழுதினால் கண்ட இடத்தில் கழலும். கூட்டி எழுதினால் கழலவே கழலாது, முழங்கால்தான் முறுக்கிக்கொள்ளும். படிவத்தை மனைவி எட்டிப் பார்ப்பாள் என்ற வெட்கமென்றால், தனியாகப் போய் நிரப்பிக் கொடுங்கள்.