லேப்டாப் ஃபைல்களுக்கு ஒரு பூட்டு: வெராகிரிப்ட், முதல் முறை செய்பவர்களுக்கு

கோத்தகிரியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஆதார் பிரிண்ட், பட்டா, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், தேயிலைத் தோட்டக்காரர்களின் இலைக் கணக்கு என்று ஊரில் பாதிப் பேருடைய காகிதம் என் லேப்டாப் வழியாகத்தான் போகும். போன ஆடி மழையில் அது படுத்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

“பாஸ்வேர்டு எழுதித் தரட்டுமா தம்பி?” என்றேன்.

“வேண்டாங்கண்ணா” என்றவர் ஸ்க்ரூக்களைக் கழற்றி டிஸ்கை உருவி, ஒரு கேபிளில் மாட்டித் தன் கம்ப்யூட்டரில் சொருகினார். என் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் அப்படியே விரிந்தது. முதல் வரிசையிலேயே பக்கத்துத் தெருப் பாட்டியின் ஆதார். அந்தத் தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை, டிஸ்க் நல்லா இருக்கிறதா என்றுதான் பார்த்தார். ஆனால் பஸ்ஸில் மலை ஏறும்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

விஷயம் இதுதான். லாகின் பாஸ்வேர்டைக் கேட்பது விண்டோஸ். விண்டோஸ் ஓடாத இடத்தில் கேட்க ஆளே இல்லை. டிஸ்கில் ஃபைல் சாதாரணமாகத்தான் கிடக்கிறது. அதையே சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றி எழுதிவைப்பதுதான் என்கிரிப்ஷன். விண்டோஸின் சொந்தப் பூட்டான பிட்லாக்கரில் டிஸ்க் முழுவதையும் பூட்டலாம். ஆனால் என்னைப் போல விண்டோஸ் ஹோம் வைத்திருப்பவர்களுக்கு முழு பிட்லாக்கர் கிடையாது. அதனால் நான் பிடித்தது வெராகிரிப்ட். ட்ரூகிரிப்ட் என்ற பழைய மென்பொருளின் நிரலை வைத்து 2013இல் வந்தது. மூத்தது 2014இல் நின்றுபோனது, இது ஓடிக்கொண்டிருக்கிறது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும். அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. பெட்டகம் செய்வது

வெராகிரிப்டைத் திறந்து ‘கிரியேட் வால்யூம்’ பட்டனை அழுத்துங்கள். முதல் தேர்வான ‘என்கிரிப்டட் ஃபைல் கன்டெய்னர்’ (மற்ற ஃபைல்களை உள்ளே வைத்துப் பூட்டும் ஒரு ஃபைல், இதைத்தான் பெட்டகம் என்கிறேன்), அடுத்து ‘ஸ்டாண்டர்ட்’. ‘ஹிட்டன்’ இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்து, பெட்டகத்தை எங்கே வைப்பது என்று கேட்கும். புதுசாக வருகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான். பூட்ட வேண்டிய ஃபைலையே இங்கே காட்டிவிடுவார்கள். வெராகிரிப்ட் அந்த ஃபைலைப் பூட்டாது, அழித்துவிட்டு அந்த இடத்தில் காலிப் பெட்டகத்தை வைக்கும். ஆகவே இதுவரை இல்லாத ஒரு புதுப் பெயரைத் தட்டுங்கள். ‘ரகசியம்’ என்று வைக்காதீர்கள், ‘பழைய கணக்கு’ போதும்.

என்கிரிப்ஷன் முறை ஏ.இ.எஸ், ஹேஷ் எஸ்.எச்.ஏ 512 என்று அதுவே காட்டும். தொட வேண்டாம். அளவு 3 ஜி.பி. கொடுத்தேன். காரணம், பெட்டகத்தைக் காப்பி எடுத்து வைக்கும் என்னுடைய பென்டிரைவ் பழைய ஃபேட்32 வகை, 4 ஜி.பி.யை எட்டும் ஒரே ஃபைலை அது ஏற்காது.

2. பாஸ்வேர்டு

இருபது எழுத்துக்குக் குறைந்தால் வெராகிரிப்டே எச்சரிக்கும். இத்தனை நீளத்தை எப்படி ஞாபகம் வைப்பது? ஒன்றுக்கொன்று ஒட்டாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்: வர்க்கி, படிக்கட்டு, குல்லா, நாற்பது, எருமை. (இதையே வைத்துவிடாதீர்கள், ஊருக்கே சொல்லியாகிவிட்டது.) தமிழ் எழுத்திலேயே தட்டினால் வேறு கம்ப்யூட்டரில் கீபோர்டு மாறும்போது திண்டாடுவீர்கள்.

மறந்தால்? போச்சு. ஓ.டி.பி. வராது, ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ கிடையாது, மென்பொருளை எழுதியவர்களாலும் திறக்க முடியாது. நான் ஒரு நோட்டில் எழுதி வீட்டு பீரோவில், பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். எழுதி வைப்பது பாவம் என்பார்கள். கடை மேஜையில் ஒட்டி வைத்தால்தான் பாவம்.

3. எலியை ஆட்டுவது

அடுத்த திரையில் எண்களும் எழுத்துகளும் கொதிக்கிற மாதிரி ஓடும். அதன்மேல் மவுஸைக் கண்டபடி ஆட்டச் சொல்லும். சாவியை யாரும் ஊகிக்க முடியாதபடி செய்ய, உங்கள் கையின் ஒழுங்கின்மையை அது கலந்துகொள்கிறது. கீழே உள்ள பட்டை சிவப்பிலிருந்து பச்சைக்கு வரும்வரை ஆட்டுங்கள். காலை ஏழு மணிக் குளிரில் விரல் விறைத்த நேரத்தில் நான் செய்தேன், நல்ல உடற்பயிற்சி. பிறகு ‘ஃபார்மட்’. இது பெட்டகத்தின் உள்பக்கத்தை மட்டும்தான் ஃபார்மட் செய்யும், பயம் வேண்டாம்.

4. திறப்பதும் மூடுவதும்

முதல் திரையில் ஒரு டிரைவ் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பெட்டக ஃபைலைக் காட்டி, ‘மவுன்ட்’ அழுத்தி, பாஸ்வேர்டு கொடுங்கள். சில விநாடி யோசிக்கும். பாஸ்வேர்டை ஐந்து லட்சம் முறை அரைத்துத்தான் சாவியாக்குகிறது. திருடன் ஒவ்வொரு ஊகத்துக்கும் அதே அரைவையை அரைக்க வேண்டுமே! திறந்ததும் பென்டிரைவ் போட்ட மாதிரி ஒரு புது டிரைவ் தெரியும். ஃபைல்களை அதற்குள் போடுங்கள், அங்கிருந்தே பிரிண்ட் கொடுங்கள். வேலை முடிந்ததும் ‘டிஸ்மவுன்ட்’. சில பதிப்புகளில் ‘அன்மவுன்ட்’ என்றிருக்கும்.

டிஸ்மவுன்ட் செய்யாதவரை பெட்டகம் திறந்துதான் கிடக்கிறது. டீ குடிக்கப் போய் மறப்பவர்களுக்கு, ‘பிரிஃபரன்சஸ்’ பகுதியில் இத்தனை நிமிடம் சும்மா இருந்தால் தானே மூடும்படி வைக்கலாம். நான் பத்து நிமிடம் வைத்திருக்கிறேன். நம்மூர் மழைக்காலத்தில் கரண்ட் போய் டெஸ்க்டாப் அணைந்தாலும் பெட்டகம் பூட்டியேதான் இருக்கும், ஏனென்றால் சாவி இருப்பது ரேமில்; கரண்டோடு அதுவும் போய்விடும். ஆனால் அந்த நொடியில் சேவ் ஆகிக்கொண்டிருந்த ஃபைல் கெடலாம்.

5. பழைய பிரதிகள்

உள்ளே போட்டாச்சு என்று விட்டுவிடாதீர்கள். டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின், வாட்ஸ்அப் ஃபோல்டர் மூன்றிலும் அதே ஆதார் இன்னும் இருக்கும். அழியுங்கள். அழித்ததையும் மீட்கும் மென்பொருள்கள் உண்டு என்பதால், இப்போதெல்லாம் புது ஃபைல்களை நேராகப் பெட்டகத்துக்குள்ளேயே சேவ் செய்கிறேன். அப்புறம், பெட்டகத்தை மூடிவிட்டு அந்த ஃபைலை வாரம் ஒருமுறை பென்டிரைவுக்கு காப்பி செய்யுங்கள். மலைக்காட்டு ஈரத்தில் டிஸ்க் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது.

யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால்

ஒரே ஒரு ஃபைலுக்குப் பெட்டகம் அதிகம். 7-ஜிப் என்ற மென்பொருள் போதும். ஃபைலை ரைட் கிளிக் செய்து ‘ஆட் டு ஆர்க்கைவ்’ கொடுத்து, 7இசட் வகையைத் தேர்ந்து, பாஸ்வேர்டு போட்டு, ‘என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்’ கட்டத்தை டிக் செய்யுங்கள். இ-ஆதாருக்கும் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று கேட்காதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது. உங்கள் கல்யாணப் பத்திரிகையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் பார்த்த எவருக்கும் தெரியும். 7-ஜிப் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பாஸ்வேர்டை போன் போட்டு வாயால் சொல்லுங்கள்.